மார்க்கர் நாகமும் ஆயாவின் பச்சையும்

அக்கா மகனுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நாகத்தைப் பச்சை குத்திக்கொள்ளவும் ஆசை. இரண்டும் ஒன்றாக ஆகாது. முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உள்பக்கம், அப்புறம் புறங்கை, இந்த இரண்டு இடத்தில்தான் ராணுவத் தேர்வில் பச்சையை ஒத்துக்கொள்கிறார்கள். பழங்குடியினருக்கு மட்டும் அவரவர் வழக்கப்படி விலக்கு உண்டு. இவன் தோளில் நாகத்தோடு போய் நின்றால், ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் ஆடி வந்துவிட்டது. குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: சாமி வேஷம், புராண வேஷம் கட்டிக்கொண்டு, ஜோடித்த வண்டிகளில் அசையாமல் நின்றபடி கோயிலைச் சுற்றி வருவார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரியும் டிராக்டரும். இவன் கூட்டாளிகள் இந்த வருஷம் கண்ணப்பர் வண்டி கட்டுகிறார்கள். இவன் வேடர் கூட்டத்தில் ஒருவன். போன வருஷம் கையில் போஸ்டர் கலரால் வரைந்து, அது வியர்வையில் ஒழுகி, பக்கத்தில் நின்றவனின் பட்டு வேட்டி கெட்டு, பஞ்சாயத்தே நடந்ததாம்.

“மாமா, நீங்க தெனமும் மையிலதான கெடக்கறீங்க. ஒழுகாம ஒரு பாம்பு போட்டுத் தர மாட்டீங்களா? நெசமாலுமே குத்துன மாதிரி இருக்கோணும்.”

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, கடை கேரி பேக். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் வேலையும் கிடையாது. சரி என்றுவிட்டேன்.

பெர்மனன்ட் மார்க்கர் மையும் எங்கள் மையும் பங்காளிகள்தான். ஒரு சாயம், அதைக் கரைத்து வைக்கும் திரவம், காய்ந்தபின் பிடித்துவைக்கும் பிசின். திரவம் ஆவியாகப் போய்விடும், பிசின் சாயத்தை இறுக்கிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் கரையாது. எந்தத் திரவம் என்பதுதான் முக்கியம். கடைவீதியில் வாங்கிய நான்கு மார்க்கர்களில் பார்சல் மேல் எழுதும் தடித்த ஒன்றைத் திறந்ததுமே மண்டைக்கு ஏறியது. அது ஸைலீன் என்ற கரைப்பானின் வாசனை, இருபது வருஷப் பழக்கத்தில் என் மூக்குக்கு நன்றாகத் தெரியும். அந்த வகையைத் தோல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆல்கஹாலில் கரைத்த மை உள்ள மெல்லிய முனை மார்க்கர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். 30 ரூபாய் சி.டி. மார்க்கர்தான் கடைசியில் பாதி வேலையைச் செய்தது.

அட்டையில் ‘நச்சற்றது’ என்று போட்டிருக்கிறதே என்று அக்கா கேட்டாள். அது தாளில் எழுதுவதற்கான சான்று, உடம்பில் எழுதுவதற்கு இல்லை. மார்க்கர் செய்யும் ஷார்ப்பி கம்பெனியே தோலில் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதனால் எனக்கும் அவனுக்கும் முழங்கைக்கு மேலே ஒரு ரூபாய் அளவு வட்டம் போட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. அதற்கப்புறமும் முகம், கழுத்து, கீறல் உள்ள இடம் எதிலும் தொடுவதில்லை, சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை என்று முடிவு. திருவிழாக் கடையில் ‘கருப்பு மருதாணி’ என்று விற்கிறார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். மருதாணி தானாகக் கருப்பாகப் பிடிக்காது, செம்பழுப்புதான் பிடிக்கும். கருக்கச் செய்யத் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி.யைக் கலக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் கிளம்பும்.

முதல் சோதனை என் இடது முன்கையில். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, கருப்பு மார்க்கரில் படமெடுத்த தலையும் இரண்டு சுருளும் வரைந்தேன். வரைந்தது மோசமில்லை. ஆனால் பார்த்தால் கை மாதிரியே இல்லை, கூரியர் பார்சல் மாதிரி இருந்தது. பாம்பு கைக்குள் இருக்கவில்லை, மேலே உட்கார்ந்திருந்தது.

ஏன் என்று பார்க்க, ஃபிலிம் சரிபார்க்கும் பூதக்கண்ணாடியை, எங்கள் பேச்சில் லூப்பை, எடுத்துக் கைமேல் வைத்தேன். கண்ணுக்கு வழவழவென்று தெரிகிற தோல், லூப்பில் பார்த்தால் உழுது வரப்பு கட்டிய வயல். சின்னச் சின்ன முக்கோணமாகவும் சதுரமாகவும் மேடு, நடுவில் வாய்க்கால். ஈரமான மை அந்த வாய்க்காலில் இறங்கி அரை மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது. அதனால் கோட்டின் ஓரம் முழுக்கப் பூனைமுடி மாதிரி கிளம்பியிருந்தது. மேட்டின் மேல் நின்ற மை கெட்டியாகக் காய்ந்து ஊதா கலந்த மினுமினுப்பு. நிஜப் பச்சையில் இந்த இரண்டுமே கிடையாது.

ஓரம் பிசிறடிப்பதற்கு வழி சுலபம். வரைவதற்கு முன் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெயை எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். முடி மழிப்பதானால் முதல்நாள் ராத்திரியே. மழித்த கையோடு ஸ்பிரிட் வைத்தால் எரிச்சலில் ஆள் எழுந்து ஓடிவிடுவான், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மையும் இறங்கும். முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் சட்டென்று இழுக்க வேண்டும். பத்துக் கோட்டுக்கு ஒருமுறை முனையைத் தாளில் தேய்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோலின் செதிலும் எண்ணெயும் ஏறி அடைத்துக்கொள்ளும்.

நிறம்தான் பிடிபடவில்லை. அதற்கு விடை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வலது முன்கையில் ஒரு புள்ளிக்கோலம், கட்டைவிரல் அடியில் ஒரு தேள். இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காததை அன்றைக்குத்தான் லூப் வைத்துப் பார்த்தேன். அது கருப்பும் இல்லை, பேர் சொல்வது மாதிரி பச்சையும் இல்லை. ஈரச் சிலேட்டுக்கு மேல் நீர்மோர் ஊற்றியது மாதிரி ஒரு மங்கல். கோட்டுக்கு ஓரமே இல்லை. நடுவில் அழுத்தம், போகப்போகக் கரைந்து தோலாகிவிடுகிறது. முக்கியமாக, தோலின் வரப்பும் வாய்க்காலும் கோட்டின் மேலே தடையில்லாமல் போகின்றன. மை அடியில் இருக்கிறது, தோல் அதன்மேல் போர்வையாகக் கிடக்கிறது.

“கொறத்தி வருவா சாமி, அடிவாரத்துக்கு. அகத்திக்கீரையும் மஞ்சளும் அரைச்சுத் துணியில தடவித் திரியாத் திரிச்சு, வெளக்கெண்ணெயில எரிப்பா. மேல புதுச்சட்டியக் கவுத்துவா. அந்தக் கரியச் சொரண்டித் தாய்ப்பால்ல கொழைச்சுத்தான் குத்துவா. நான் அழுதன்னு எங்கம்மா வாயில வெல்லத்தத் திணிச்சா.”

கீரையும் மஞ்சளும் எரிந்துபோய் மிஞ்சுவது விளக்குக்கரி. கரி கருப்புதான். அப்புறம் ஏன் பச்சை என்கிறோம்? ஊசி போகிற ஆழம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர், மேல்தோலைத் தாண்டி உள்தோலில். அதற்கு மேலே இருக்கிற தோல், விழும் வெளிச்சத்தில் நீலப் பங்கைக் கரியைத் தொடுமுன்பே சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிவப்புப் பங்கு ஆழமாகப் போய்க் கரியில் மாட்டிக்கொள்கிறது. நமக்கு வந்து சேர்வது நீலமும் சாம்பலும்தான், மாநிறத் தோலில் அது பச்சையாகத் தெரிகிறது. சிவப்பு ரத்தம் ஓடும் நரம்பு கைமேல் பச்சையாகத் தெரிவதும் இந்தக் கணக்கில்தான்.

ஆக, நான் செய்ய வேண்டியது மை வரைவது இல்லை. மைக்கு மேலே தோல் இருப்பதாகக் கண்ணை நம்பவைப்பது.

முதலில் கருப்பைச் சந்தேகப்பட்டேன். கருப்பு மார்க்கர் பெரும்பாலும் பல சாயங்களின் கூட்டு. மூன்று மார்க்கரிலும் டிஷ்யூ பேப்பரில் ஒரு புள்ளி வைத்து, மேலே ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டேன். ஒன்று ஊதாவாக விரிந்தது. ஒன்று சிவந்தது. மூன்றாவது நீலச்சாம்பலாகப் படர்ந்தது. அதுதான் வேண்டும். ஊதாவாக விரிகிற மை, தோலில் இரண்டாம் நாள் அடிபட்டுக் கன்றிப்போன நிறத்துக்கு வரும். என் கையில் வந்தது. “யார்ட்ட அடி வாங்குனீங்க?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அடுத்து, அடிப்பூச்சு. ஐஸ்கிரீம் டப்பா மூடியில் அந்தக் கருப்பை மூன்று கிறுக்கு, கடல்நீலத்தை ஒரு கிறுக்கு, பச்சையை ஒரே ஒரு புள்ளி. மேலே நான்கைந்து சொட்டு ஸ்பிரிட். எங்கள் மையை நீர்க்கவைக்க ரெடியூசர் ஊற்றுகிற மாதிரிதான். பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷில் தொட்டு, கோடு வரப்போகிற இடத்தில் கோட்டைவிடச் சற்று அகலமாக இந்தத் தண்ணி மையை ஓட்டினேன். ஸ்பிரிட் நொடியில் காய்ந்துவிடும், யோசித்துக்கொண்டிருந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு நிமிஷம் விட்டு, அதன் நடுவில் சி.டி. மார்க்கரால் மெல்லிசான கருப்பு. இப்போது கோட்டுக்கு இருபுறமும் சாம்பல் நிழல் வந்தது, ஆயாவின் கோலத்தில் இருந்த அதே கரைசல்.

மினுமினுப்புக்கு டால்கம் பவுடர். பஃப்பில் தொட்டு அழுத்தி, தேய்க்காமல் ஒற்றி, ஐந்து நிமிஷம் கழித்து மெல்லிய துணியால் தட்டிவிட வேண்டும். வெள்ளைத் தூள் மைமேல் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கருப்பு ஒரு படி இறங்கிச் சாம்பலாகிறது. உள்ளே இருக்கிற மைக்குத் தோல் செய்கிற வேலையை, மேலே இருக்கிற மைக்குப் பவுடர் செய்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கே முதல்முறை ‘அட’ என்று இருந்தது.

ஹேர் ஸ்பிரே அடித்தால் நிற்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதிலும் ஆல்கஹால்தான். கிட்ட வைத்து அடித்ததில் பாம்பின் கண் வழிந்து கன்னத்துக்கு வந்தது. ஒரு முழம் தள்ளி அடித்தால் வழியவில்லை, ஆனால் வார்னிஷ் பளபளப்பு, மடிப்புகளில் செதில் செதிலாக உரிதல். விட்டுவிட்டேன்.

நிழல் போடுவது என் தொழிலிலிருந்து வந்தது. ஒரே மையை வைத்துக்கொண்டு இளசும் கனமும் காட்ட வேண்டுமானால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஹாஃப்டோன் புள்ளி. கனம் வேண்டிய இடத்தில் நெருக்கம், இளசு வேண்டிய இடத்தில் தள்ளி. மார்க்கரை அழுத்தினாலும் மெதுவாக வைத்தாலும் அதே கருப்புதான் வரும், அதனால் புள்ளிதான் கதி. ஆனால் வரிசை பிடித்து வைத்தேனோ, அச்சடித்த ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிட்டது. தட்டுவடை மேல் எள்ளு விழுந்த மாதிரி தாறுமாறாக வைத்தபோதுதான் சரியாக வந்தது. செதில்களையும் எல்லாம் வரையக் கூடாது. பாம்பு திரும்புகிற வளைவில் ஏழெட்டுச் செதில் போட்டால் போதும், மீதியைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

கையில் படத்தை இறக்குவதில் ஒரு அசிங்கம் நடந்தது. பட்டர் பேப்பரில் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, தோலை ஈரப்பஞ்சால் ஒற்றி, பேப்பரைக் கவிழ்த்து அரை நிமிஷம் அழுத்தினால் மெல்லிய தடம் விழும். காய்ந்தபின் அதன்மேல் வரையலாம். பையன் வேலும் அதன் கீழே ‘முருகா’வும் கேட்டிருந்தான். ஸ்கிரீனில் நேராக வைத்தால் நேராகவே விழும். இருபது வருஷமாக அப்படியே பழகிய கை, இதைத் திருப்பி எழுத வேண்டும் என்று நினைக்கவேயில்லை. சோதனைக்காக என் கையில் போட்டு, தடத்தைப் படிக்காமலே மார்க்கரும் ஓட்டிவிட்டேன். பள்ளிக்கூடமே போகாத ஆயாதான் கண்டுபிடித்தாள். “ஏஞ்சாமி, முருகன் திரும்பி நிக்கறாரு?”

இன்னொரு சிக்கலை யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளங்கையை மேலே வைத்து நேராக வரைந்த பாம்பு, உள்ளங்கையைக் கீழே திருப்பியதும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆனது. முன்கையில் தோல் எலும்போடு சேர்ந்து சுற்றுகிறது, மணிக்கட்டுப் பக்கம் அதிகமாக, முழங்கைப் பக்கம் குறைவாக. வண்டியில் அவன் வில்லைப் பிடித்து நிற்கப்போகிறான் என்றால், ஒரு கழியைக் கொடுத்து அதே நிலையில் நிற்கவைத்துத்தான் தடம் இறக்க வேண்டும். நின்றான். நாற்பது நிமிஷம் கழித்து, “பட்டாளத்துல இத்தன நேரம் நிக்க வெக்க மாட்டாங்க மாமா” என்றான்.

தாங்குமா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அவனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனேன். என் கையில் நாகம், அவன் கையில் பாதி நாகம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும் வரை கீழ்ச்சேலத்து வியர்வை, மேலே போனதும் குளிருக்கு ஜெர்கின். ஏரியில் கையை முக்கினோம், துடைத்தோம், ஒன்றும் ஆகவில்லை. வியர்வைக்கும் அசையவில்லை. ஆனால் ஜெர்கினின் உள்துணி உரசிய முழங்கை மடிப்பில் மை தேய்ந்து வெளுத்திருந்தது. மை ஒட்டியிருப்பது தோலின் செத்த மேலடுக்கில். ஒரு தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்த அடுக்கு. அது நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, உரசினால் சீக்கிரம் உதிரும். மடிப்பில் வாலை வைக்காதே என்று குறித்துக்கொண்டேன்.

அந்தச் சோதனையில் கிடைத்த பெரிய விஷயம் வேறு. வரைந்த அன்றைக்குப் படம் பார்க்கச் சகிக்காது. ஒரு ராத்திரி தூங்கி, ஒரு குளியல் போட்டபின் மேலே நின்ற உபரி மை போய், வாய்க்காலுக்குள் இருப்பது மட்டும் மிஞ்சும். இரண்டாம் நாள்தான் அதற்கு நல்ல நாள். அதனால் வேடிக்கைக்கு முதல்நாள் ராத்திரியே வரைவது என்று வைத்துக்கொண்டோம். எட்டு மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டேகாலுக்கு எழுந்தோம்.

மறுநாள் சாயங்காலம் வண்டிக்குப் போனபோது நாகம் அருமையாக இருந்தது. பக்கத்து வண்டிப் பையன் ஒருவன் வந்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எங்கே குத்தியது, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டான். நான் அருகிலேயே நின்றுகொண்டு பெருமையில் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேதான் கோட்டைவிட்டேன். சீரியல் லைட்டில் உடம்பு பளபளவென்று இருக்க, வேஷம் போடுகிற அண்ணன் எல்லோருக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே வந்தார். அது எப்போதும் நடப்பதுதான். தண்ணீருக்கும் வியர்வைக்கும் அசையாத மை எண்ணெய்க்கு இளகும், சானிடைசருக்கும் இளகும். இதை ஒரு பட்டறைக்காரன் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்துக் கத்துவதற்குள் தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார்.

பவுடரை அள்ளி அப்பினேன். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது, ஆனால் மேல்பாதி மங்கிப்போயிற்று, ஓரமெல்லாம் கரைந்துவிட்டது. கீழ்ப்பாதி அப்படியே கூர்மையாக இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது. பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் ராத்திரி முழுக்க எனக்கு அந்தத் தோள்தான் கண்ணில் பட்டது.

விடிந்து வீட்டுக்கு வந்தவனின் கையை ஆயா மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மணிக்கட்டுப் பக்கத்தைத் தொட்டு, “இது எழுதுனது” என்றாள். எண்ணெய் இழுத்த தோளைத் தொட்டு, “இது குத்துனது” என்றாள். பக்கத்தில் தன் கையையும் நீட்டி வைத்தாள். அவள் சொன்னது சரிதான். அடிப்பூச்சு, புள்ளி, பவுடர் என்று நான் நான்கு மணி நேரம் தேடிய கரைசலை ஒரு துளி எண்ணெய் இரண்டு நொடியில் கொண்டுவந்திருந்தது. அன்றைக்கே என் கையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். காய்ந்தபின் ஆள்காட்டி விரல் நுனியில் எண்ணெயைத் தொட்டு, அதைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற பிசுக்கால் கோட்டின்மேல் ஒரே ஒரு ஒற்று, உடனே பவுடர். இரண்டாவது ஒற்று ஒற்றினால் கெட்டது.

அழிப்பதற்கும் அதே எண்ணெய்தான். தாராளமாகத் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்து, சோப்பு. முக்கால்வாசி போய்விடும். மீதியை ஸ்பிரிட்டால் தேய்தேய் என்று தேய்த்து என் கை சிவந்து காந்தியதுதான் மிச்சம், அப்படிச் செய்ய வேண்டியதில்லை, தோல் உதிரும்போது தானாகப் போகும். பையனுக்கு ஐந்தாம் நாள் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி. அதற்குள் மணிக்கட்டில் ஒரு செதிலின் நிழல் மட்டும் இருந்தது. என் கையில் திரும்பி நின்ற முருகன் அதற்கு மேலும் ஒரு நாள் இருந்தார்.